ரேஸ் குதிரையை ஜம்பிங்கிற்கு மாற்றும்போது லாடம்: முன்னங்காலில் சூடு தெரிகிறது

கேள்வி – கடிவாளம்:
ரேஸிலிருந்து வந்த 6 வயது தரோபிரெட் (ரேஸ் இனக் குதிரை). இப்போது 90 செ.மீ. தடை தாண்டப் பழகுகிறது. முன்குளம்பில் நுனி நீளம், குதிகால் தாழ்வு. லாடம் அடித்து 8 வாரம் ஆகிறது. பயிற்சி முடிந்த மாலையில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் லேசான சூடு, நொண்டல் இல்லை. லாடத்தை மாற்றினால் போதுமா? ஸ்டட் (பிடிப்புக்காக லாடத்தில் திருகும் குமிழ்) போடலாமா?

கால்நடை_மருத்துவர்:
முதலில் தாண்டுவதை நிறுத்துங்கள். அந்த இடத்தில் சூடு என்றால் மேல் டெண்டனைத்தான் (காலின் பின்பக்கம் தோலை ஒட்டி ஓடும் தசைநாண்) சந்தேகப்பட வேண்டும். நார் கிழிந்தும் நொண்டாத குதிரைகள் உண்டு. 20 நிமிடம் குளிர்ந்த நீர் விட்டு, அல்ட்ராசவுண்ட் எடுங்கள். முதல் சில நாளில் சேதம் சிறியதாகத் தெரியலாம், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். லாடம் அதற்குப் பிறகுதான்.

லாடப்பட்டறை:
8 வாரம் ரொம்ப அதிகம். குளம்பு மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், நுனியோடு லாடமும் முன்னே நகர்ந்துவிடும். அப்போது குளம்பு தரையை விட்டு எழத் தாமதமாகி டெண்டன் இழுபடும். 5 வாரத்துக்கு ஒருமுறை அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் குளம்பின் முன்சுவரும், குளம்புக்கும் கணு மூட்டுக்கும் இடைப்பட்ட பகுதியும் ஒரே சாய்கோட்டில் வர வேண்டும். அதுவரை நுனியை அரத்தால் தேய்த்துக் குறைத்து, லாடத்தின் பின்முனைகள் குதிகாலை முழுசாகத் தாங்கும் நீளத்துக்கு வையுங்கள். குளம்பின் அகலமான பகுதிக்குப் பின்னால் ஆணி வேண்டாம். குதிகால் விரிய இடம் வேண்டும்.

ஆப்பு வைத்துக் குதிகாலை உயர்த்தலாம் என்று யாராவது சொல்வார்கள். மேல் டெண்டனுக்கு உள்ளே ஓடும் ஆழ் டெண்டனுக்கு அது இளைப்பாறல்தான், ஆனால் மேல் டெண்டனின் சுமை குறையாது, கூடக்கூடும். தாழ்ந்த குதிகாலும் மேலும் நசுங்கும்.

தடைதாண்டி:
ரேஸ் அலுமினிய லாடம் எடை குறைவுக்காக, சீக்கிரம் தேயும். ஜம்பிங்கிற்கு எஃகு போதும். தாண்டி இறங்கும்போது ஒரு முன்னங்காலே உடல் பாரத்தை வாங்குகிறது, கணு தரையை நோக்கித் தாழ்கிறது. டிரஸாஜில் (குதிரையை நுணுக்கமாக அடிவைக்கப் பழக்கும் போட்டி) பாரம் பின்னுக்குப் போவதால் பின்னங்கால் சஸ்பென்சரி லிகமென்ட்தான் (கணுவைத் தாங்கும் நார்) அதிகம் அடிபடும். போலோவில் சட்டென்று திரும்பப் பிடிப்பு வேண்டும், அதனால் உள்விளிம்பு உயர்ந்த லாடம்.

மணல் களத்தில் ஸ்டட் வேண்டவே வேண்டாம். இறங்கும் குளம்பு சற்று வழுக்கித்தான் அதிர்ச்சியைக் கரைக்கிறது. அதைத் தடுத்தால் முழு இழுப்பும் காலுக்கு ஏறும். ஈரப் புல்லில் மட்டும், உள்ளும் வெளியும் ஜோடியாகப் போடுங்கள். வெளிப்பக்கம் மட்டும் போட்டால் குளம்பு சமமாக ஊன்றாது, மூட்டு முறுக்கப்படும். சுற்று முடிந்ததும் கழற்றி, துளையை எண்ணெய்ப் பஞ்சால் அடையுங்கள்.

கடிவாளம்:
நன்றி. நாளைக்கே ஸ்கேன். குளம்பின் பக்கவாட்டுப் படம் ஏற்றுகிறேன்.

லாடப்பட்டறை:
சமதரையில் நிறுத்தி, கேமராவைத் தரையோடு வைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் கோணம் பொய்யாகத் தெரியும்.