இஎஸ்பி32 போர்டில் ரிலே சேர்த்தால் பூட் ஆக மறுக்கிறது

தோப்புக்காரன், ஆனைமலை:
வணக்கம். தோப்புக் கிணற்று மோட்டாரைச் சாளை வீட்டில் இருந்தபடியே போட்டு நிறுத்துவதற்காக, காந்திபுரத்தில் வாங்கிய இஎஸ்பி32 போர்டை (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர்) டாட் போர்டில் (துளைகள் உள்ள சாலிடர் பலகை) பொருத்தி, இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொண்ட 5 வோல்ட் மாட்யூலையும் மண் ஈர சென்சாரையும் சாலிடர் செய்திருக்கிறேன். ரிலேக்கள் 12, 27 ஆகிய பின்களிலும், சென்சார் 25ஆம் பின்னிலும் உள்ளன. கரண்ட் வந்ததும் போர்டு பூட் ஆவதில்லை, அதாவது ஓடத் தொடங்குவதில்லை. 12ஆம் பின்னின் வயரைக் கழற்றிவிட்டு, போர்டு ஓடத் தொடங்கிய பிறகு மாட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது. கரண்ட் போய்வரும் ஒவ்வொரு முறையும் தோப்புக்கு ஓட முடியுமா? போதாக்குறைக்கு, வைஃபை இணைந்ததும் சென்சார் அளவும் நின்றுவிடுகிறது.

பட்டறைக்காரர், பீளமேடு:
வயரைக் கழற்றிப் பார்த்தபோதே பாதி விடையைக் கண்டுவிட்டீர்கள். இந்தச் சிப், பூட் ஆகும் கணத்தில் 12ஆம் பின்னின் நிலையைப் பார்த்துத்தான் புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு 3.3 வோல்ட் கொடுப்பதா, 1.8 வோல்ட் கொடுப்பதா என்று முடிவு செய்கிறது. பின்னின் வோல்ட் தாழ்ந்தால் ரிலே இழுக்கும் வகை மாட்யூல் என்றால், அதன் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் பாகம்) வழியாக அந்தப் பின் உயர்நிலைக்கு இழுக்கப்பட்டு, 3.3 வோல்ட் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட்தான் போய்ச் சேரும். வயரை 26க்கு மாற்றுங்கள். மாட்யூலில் ஜேடி-விசிசி ஜம்பர் (ரிலே காயிலின் சப்ளையையும் விசிசி என்ற சிக்னல் பக்க சப்ளையையும் இணைக்கும் சிறு துண்டு) இருந்தால் அதை எடுத்துவிட்டு, விசிசிக்கு 3.3 வோல்ட்டும், ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட்டும் தனித்தனியே கொடுப்பது இன்னும் நல்லது. 25ஆம் பின் இரண்டாவது ஏடிசியைச் (சென்சார் வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) சேர்ந்தது; வைஃபை ஓடும்போது அதைப் படிக்க இயலாது. சென்சாரை 34க்குக் கொண்டுபோங்கள். ஆனால் 34 முதல் 39 வரையிலானவை உள்ளீட்டுக்கு மட்டுமே என்பதால், ரிலேயை அங்கே மாட்டிவிடாதீர்கள்.

மோட்டார் வைண்டர், கோபி:
பின் விஷயம் சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. அது மூன்று ஃபேஸ் மோட்டார்தானே? பல ஸ்டார்ட்டர்களின் காயில் (கம்பிச்சுருள்) இரண்டு ஃபேஸுக்கு இடையே 415 வோல்ட்டில் இழுப்பது. அதைத் தாங்குமா என்று அறிய, அந்தச் சின்ன நீல ரிலேயின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். காயில் 415 ஆக இருந்தால், ஒவ்வொரு ரிலேயும் 230 வோல்ட் காயில் கொண்ட ஒரு சிறு கான்டாக்டரை (அதிக வோல்ட் தாங்கும் பெரிய ரிலே) மட்டும் இழுக்கட்டும். ஸ்டார்ட்டர் பட்டன்களின் வயர்கள் அந்தக் கான்டாக்டர்களுக்கே போகட்டும். இதற்கு நியூட்ரல் வயர் வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பெட்டியைத் தொடுங்கள்.

தோப்புக்காரன், ஆனைமலை:
இருவருக்கும் நன்றி. பின்களை மாற்றியதும் போர்டு ஒரே தடவையில் பூட் ஆகிவிட்டது, ஈர அளவும் வருகிறது. ரிலே முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்றும், ஸ்டார்ட்டர் காயிலில் 415 என்றும் இருக்கிறது. கான்டாக்டர்கள் வாங்கிவரும் வரை ஸ்டார்ட்டர் வயர்களை ரிலேயிலிருந்து பிரித்து வைத்துவிட்டேன்.