மிச்சம் பிடிக்கும் கருவியை ஆலைகள் ஏன் ஏற்பதில்லை?

கேள்வி:
தொழில்நுட்ப மேலாண்மையில் ஆய்வு செய்துவருகிறேன். மூலப்பொருளை மிச்சப்படுத்தும் கருவியைக்கூட ஆலைகள் ஒதுக்கிவைப்பதற்கு முதலாளியின் அறியாமையே காரணம் என்று எழுதியிருந்தேன், நெறியாளர் ஏற்கவில்லை. வேறு விளக்கம் உண்டா?

பதில் 1:
உண்டு. பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து தயாரிப்பாளர்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வைப் படியுங்கள். பந்துக்கான ரெக்சினை வெட்டும்போது, அறுகோணங்களைப் போல ஐங்கோணங்கள் இடைவெளியின்றிப் பொருந்துவதில்லை என்பதால் கழிவு அதிகமாக விழும். அதைக் குறைக்க, ஒரே அடியில் நான்கு ஐங்கோணங்களை வெட்டும் அச்சை ஆய்வாளர்கள் வடிவமைத்து, 35 நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 15 மாதங்கள் கழித்தும் மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினார்கள். வெட்டுபவருக்குத் துண்டுக் கணக்கில்தான் கூலி. புது அச்சு கைக்குப் பழகும்வரை வேலை தாமதப்படும். மிச்சமாகும் ரெக்சினோ முதலாளிக்கு. அப்படியிருக்க, அச்சு நல்லது என்று வெட்டுபவர் ஏன் மேலே சொல்லப்போகிறார்?

பதில் 2:
அதன் அடுத்த கட்டம் இன்னும் முக்கியம். அச்சைக் கையாளத் தெரியும் என்று முதலாளி முன்னிலையில் செய்துகாட்டும் தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் தருவதாக ஆய்வாளர்கள் சொன்னதும், அதை ஏற்ற நிறுவனங்கள் கணிசமாகக் கூடின. ஆனால் அறியாமையை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள்: மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளுக்கு இலவச மேலாண்மை ஆலோசனை தந்து பார்த்த ஆய்வில் (2013) முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது; நல்ல முறைகள் தெரியாததும் ஒரு தடைதான் என்பதை இது காட்டுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. என் வரைவில் கூலி முறை பற்றி ஒரு வரிகூட இல்லை; களத்துக்குப் போகும் முன் வினாப்பட்டியலையே மாற்றப்போகிறேன்.