கராத்தேயுடன் ஜூடோவும் பழகலாமா?

கல்லடித் தம்பி:
சிறு வயதிலிருந்தே கராத்தே பழகுகிறேன். குத்தும் உதையும் கைவந்துவிட்டன. ஆனால் ஜூடோ தெரிந்த நண்பன் சட்டைக் கழுத்தைப் பற்றிவிட்டால் உதைக்க இடமே கிடைப்பதில்லை. மாஸ்டரோ, "இரண்டு தோணியில் கால் வைக்காதே" என்கிறார். மூத்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கல்முனை அண்ணன்:
தம்பி, தாராளமாகப் பழகுங்கள். வாடோ ரியூ கராத்தேயை உருவாக்கிய ஒட்சுகா ஹிரோனோரியே முதலில் ஜூடோவின் தாய்க்கலையான ஜுஜுட்சு பழகியவர்தான். 1993இல் பல கலைக்காரர்களும் மோதிய முதலாவது யூஎஃப்சி போட்டியில் பிரேசில் ஜுஜுட்சு வீரர் ரொய்ஸ் கிரேசி, தன்னைவிடப் பருமனானவர்களையும் மடக்கிப் பிடித்தே வென்றார்.

எதிராளியைத் தூக்கி எறிவதற்கு முன் நீங்கள் விழப் பழகுங்கள். பின்பக்கம் விழும்போது நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளங்கையும் முன்கையும் ஒரே நேரத்தில் தரையில் அறைய வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். விழுந்து பழக உங்கள் கடற்கரையில் காய்ந்த மணலாகப் பாருங்கள். அலை நனைத்த மணல் இறுகிக் கிடக்கும், ஆகவே ஆகாது.

அக்கரைப்பற்று அக்கா:
மாஸ்டருக்கு மறைக்காமல் செய்யுங்கள், அது முக்கியம். கழுத்துப் பிடி பழகும்போது இணையாளர் விடச் சொல்லிக் கையால் தட்டினால் அந்த நொடியே விட்டுவிடுங்கள். இதில் வீம்பு காட்டுபவர்களோடு பழகவே வேண்டாம்.

கல்லடித் தம்பி:
நன்றி அண்ணன், அக்கா. நாளைக்கே மாஸ்டரிடம் பேசுகிறேன்.