பூக்காத ஒட்டுக்கன்று: உங்களுக்கும் நேர்ந்ததா?

முந்திரிக்காடு, பண்ருட்டி
2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் நம் பக்கத்து மரங்களை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் நிலம் பல ஆண்டு தரிசாகவே கிடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரு நாற்றங்காலில் முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி நட்டேன். இப்போது பக்கத்துக் கொல்லையில் பிஞ்சு தொங்குகிறது. என் கொல்லையில் பதினொரு மரங்கள் தளதளவென்று இலையாகவே நிற்கின்றன.

ஒட்டுக் கட்டும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். ஒரு பழைய மரத்திலிருந்து இரண்டு குச்சி ஒடித்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று உள்நிழலில் நெட்டுக்குத்தாகக் கிளம்பிய போத்து. கணுக்கள் தள்ளித் தள்ளி, நுனி மொட்டு மெலிந்து கிடந்தது. மற்றது வெயில் படும் ஓரக் கிளை. பென்சில் பருமன், பழுப்பேறிய தோல், உப்பிய மொட்டு. “உனக்குப் போத்தில் கட்டித் தந்திருக்கிறார்கள், தம்பி, அதான் பூக்கவில்லை” என்றார். அந்த இரண்டு குச்சிகளையும் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன்.

கெடிலக்கரை
குச்சியை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஒட்டுத் தழும்புக்கு, அதாவது அடிக்கன்றோடு குச்சியைச் சேர்த்த இடத்துக்குக் கீழே பார்த்தீர்களா? என் மரத்தில் கீழிருந்து துளிர்த்த கிளையே மரமாகிவிட்டது. மேலே கட்டியது சுண்டுவிரல் கனத்தில் கருகிக் கிடந்தது. ஐந்து ஆண்டு நான் தண்ணீர் ஊற்றியது, கொட்டையிலிருந்து முளைத்த வெறும் அடிக்கன்றுக்கு.

முன்னாள் படைவீரர், கடலூர்
என்னுடையது ஆப்பிள் கதை. சிம்லா மலையில் பணியில் இருந்தபோது, குளிர்காலத்தில் ஒரு தோட்டக்காரர் கிளை கழித்துக்கொண்டிருந்தார். உதவுவதாகச் சொல்லிக் கத்தரியை வாங்கினேன். விரல் நீளத்தில், சுருக்கம் விழுந்து கோணலாக நின்ற குட்டைக் கிளைகளைக் காய்ந்த குச்சி என்று நறுக்கினேன். ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆப்பிள் பெரும்பாலும் அந்தக் குட்டைக் கிளைகளில்தான் பூக்கும், பல ஆண்டுகளுக்கு. பூமொட்டு தடித்து, மெல்லிய ரோமம் போர்த்தியிருக்கும். இலைமொட்டு ஒல்லியாகத் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு மொட்டில் ஐந்தாறு பூ. நடுப்பூ முதலில் விரியும், பெரிய பழமும் பெரும்பாலும் அதில்தான். நான் நறுக்கியவை ஏழோ எட்டோ இருக்கும். அவர் ஒன்றும் பேசவில்லை. அவற்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாமரத்து வீடு, வில்லியனூர்
மின்கம்பியில் உரசுகிறது என்று கார்த்திகையில் மாமரத்தின் நுனிகளை வெட்டினேன். வெட்டாமல் விட்ட ஒரே கிளையில் மட்டும் தையில் பூங்கொத்து வந்தது. முற்றிய நுனியில்தான் மா பூக்கும். ஆகவே அறுவடை முடிந்த கையோடு வெட்டுங்கள். புதுத்துளிர் முற்றச் சில மாதங்கள் வேண்டும். ஒட்டுக்குக் குச்சி எடுப்பவர்கள், மரம் காய்த்து நிற்கும்போதே பார்த்துச் சுண்ணாம்பால் அடையாளமிடுங்கள். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே இலைகளை நறுக்கிக் காம்பை மட்டும் விடுங்கள், மொட்டு உப்பும். காம்பு தானாக உதிரத் தொடங்கினால் குச்சி பக்குவம். ஈரச் சாக்கில் சுற்றி அன்றே கட்டிவிடுங்கள். ஒட்டுப் பிடித்ததும் நாடாவை அவிழ்க்க மறக்காதீர்கள், தண்டை இறுக்கிவிடும். முந்திரிக் கன்றில் முதல் இரண்டு ஆண்டு வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள். கன்று முதலில் உடம்பு தேற வேண்டும்.

முந்திரிக்காடு, பண்ருட்டி
கெடிலக்கரை அவர்களே, இன்று காலை அடிமரத்தில் மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். மூன்று மரங்களில் நீங்கள் சொன்னதுதான், கிளை தழும்புக்குக் கீழே. மற்ற எட்டில் தழும்புக்கு மேலேதான் எல்லாக் கிளையும். அந்த எட்டுக்குப் பெரியவர் பேச்சை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.