கொழும்புப் பிரதிக்காகத் தராசு காத்திருக்க வேண்டுமா?

கேள்வி:
ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றில் கொழுந்து நிறுவையையும் முற்பணத்தையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பதிகிறோம். பிரதான சேர்வர் தொழிற்சாலையிலும் அதன் நகலைத் தாங்கும் பிரதி கொழும்பு அலுவலகத்திலும் இருக்க, பிரதியாக்கம் ஒத்திசைவற்ற முறையில், அதாவது பிரதியின் பதிலுக்குக் காத்திராமல், நடக்கிறது. கடந்த மாதம் இங்குள்ள வன்தட்டு பழுதாகிக் கொழும்புப் பிரதிக்கு மாறியபோது, கடைசி மூன்று முற்பணப் பதிவுகள் அங்கு போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஒருவருக்கு இருமுறை பணம் கொடுபட்டுவிட்டது. பிரதியின் பதில் வந்த பின்பே பதிவு முடிந்ததாக அறிவிக்கும் ஒத்திசைவு முறைக்கு மாறலாமா? தென்மேல் பருவமழையில் மரம் விழுந்து இணைப்பு மணிக்கணக்கில் அறுந்துபோவது இங்கு வழமை.

மறுமொழி 1:
தூரம் உங்களுக்குத் தடையல்ல. ஒளியிழையில் 100 கிலோமீற்றர் போய்வர ஏறக்குறைய 1 மில்லிசெக்கன்தான் ஆகும். ஒரேயொரு ஒத்திசைவுப் பிரதியை வைத்து அதன் இணைப்பும் அறுந்தால், போஸ்ட்கிரெஸ் கால எல்லையின்றிக் காத்திருக்கும் என்பதுதான் சிக்கல். மாலை நிறுவைக்குக் கொழுந்துடன் வரிசை நிற்கையில் திரை உறைந்துவிட, எழுதுநர் இணைப்பைத் துண்டித்து மீண்டும் பதிவார். முதற்பதிவோ உள்ளூர் வட்டில் ஏற்கெனவே உறுதியாகியிருக்கும். ஒரே கொழுந்து இரண்டு நிறையாகிவிடும். ஆகவே எந்த முறையானாலும், ஒவ்வொரு பதிவுக்கும் வேறெதற்கும் வராத தனி இலக்கமொன்றைக் கொடுங்கள்.

மறுமொழி 2:
முழுத் தரவுத்தளத்துக்கும் ஒரே முறையைத் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. தோட்ட அலுவலகம் தனிக் கட்டடமாயின், வேறு மின்னிணைப்பில் இரண்டாவது பிரதியொன்றை அங்கு வைத்து அதை மட்டும் ஒத்திசைவாக்குங்கள். கொழும்பு இப்போதுள்ளபடியே இருக்கட்டும். காத்திருப்பைப் பரிவர்த்தனைவாரியாக, அதாவது பதிவுக்குப் பதிவு வேறாக, மாற்றலாம் என்பதால், நிறுவையைப் பிரதான சேர்வரின் உள்ளூர் உறுதிப்பாட்டுடன் விட்டுவிட்டு, முற்பணத்தை மட்டும் பிரதியின் பதில் வரும்வரை நிறுத்தி வைக்கலாம். நிறுவைக்கு நிறை எழுதிய கொழுந்துத் துண்டுச்சீட்டு கையில் இருக்கிறது. கைமாறிய காசு திரும்பி வராது.

மறுமொழி 3:
மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தைப் பாவிப்பவர்களுக்கும் ஒரு சொல். அதன் அரை ஒத்திசைவு, இயல்புநிலை அமைப்பில் பிரதியின் பதிலுக்கு 10 செக்கன் பார்த்துவிட்டு ஒத்திசைவற்ற முறைக்கு இறங்கிவிடும். எங்கள் இடத்தில் அப்படி இறங்கியதை வாரக்கணக்கில் ஒருவரும் கவனிக்கவில்லை. நின்றுபோகும் போஸ்ட்கிரெஸ் அதைவிட நேர்மையானது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி கேட்டவர்:
அலுவலகக் கட்டடத்தில் பிரதி வைக்க அனுமதி கிடைத்துவிட்டது. கொழும்பு இணைப்பு இரண்டு நாள் அறுந்திருந்தால் பிரதான சேர்வரின் வட்டு நிரம்பிவிடாதா?

மறுமொழி 2:
பிரதி வாங்கும்வரை கோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கும் பிரதியாக்கத் துளை வைத்திருந்தால் நிரம்பும். மாற்றங்களை எழுதிவரும் பதிவேட்டுக் கோப்புகளில் கொழும்பு வாங்காதவை அனைத்தும் குவிந்துகொண்டே போகும். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு உச்சவரம்பு இடலாம். வரம்பைத் தாண்டினால் கொழும்புப் பிரதியைப் புதிதாக எடுக்க வேண்டிவரலாம், தராசு நிற்காது.