கம்ப்யூட்டர் வாங்கும் முன்னாடி ஸ்டிக்கரை விடுங்க, மாடல் நம்பரைப் படிங்க

புதுசா வந்து இறங்கின முதல் மாசமே கம்ப்யூட்டர் தேவைப்படும். வேலைக்கு விண்ணப்பம், பேங்க், வாடகை ஒப்பந்தம், அரசுப் படிவம், பிள்ளைங்க பள்ளிக்கூட மெயில், ஊருக்கு வீடியோ கால். இதுக்கெல்லாம் பெரிய மிஷின் வேண்டாம். ஆனா விலை குறைச்சலா இருக்கேன்னு கண்ணை மூடிட்டு எடுத்தா, கொடுத்த காசு அப்படியே தண்டம். கேம், வீடியோ எடிட்டிங் பண்றவங்களுக்கு இந்த இழை உதவாது, அவங்க கணக்கு வேற.

இன்டெல் ப்ராசஸர் (கம்ப்யூட்டரோட மூளைச் சிப்) பேருல ஐ5, ஐ7ன்னு போட்டிருக்கிறதை வச்சு விலை பேசாதீங்க. அதுக்குப் பின்னாடி வர்ற எண்ணுலதான் விஷயம் இருக்கு. ஐ5-8250யுன்னா, கோட்டுக்கு அடுத்த 8 தான் தலைமுறை, அதாவது எட்டாவது. ஐ5-1135ஜி7, ஐ5-1235யு மாதிரி 11, 12ன்னு ஆரம்பிச்சா பதினொண்ணாவது, பன்னெண்டாவது. இப்ப இதைப் பாருங்க: ஐ7-7500யுல 2 கோர்தான் (கோர்னா சிப்புக்குள்ள தனித்தனியா வேலை பார்க்கிற பகுதி), ஐ5-8250யுல 4 கோர். பேருல ஐ7 பெருசு, வேலையில ஐ5 பெருசு. "ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி"ன்னு எல்லாம் போட்டுட்டு தலைமுறையை மட்டும் விட்டிருந்தா, அது மறதியில விட்டுப்போனதா இருக்காது. முழு மாடல் நம்பரைக் கேளுங்க. சொல்லலைன்னா அடுத்ததைப் பாருங்க.

எட்டாவது தலைமுறையை எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது தலைமுறையாவது வேணும், கூடவே டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சிப்பும் வேணும். ஏஎம்டியில ரைசன் 3000 வரிசைக்கு மேல எடுத்தா பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. "ஏழாவது தலைமுறைதான், ஆனா விண்டோஸ் 11 ஏத்தித் தர்றோம்"னு சொல்றவங்க உண்டு. ஏத்த முடியும், ஓடவும் ஓடும். ஆனா அந்த மிஷினுக்கு அப்டேட் ஒழுங்கா வரும்னு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. பேங்க் வேலைக்கு வச்சுக்கிற மிஷின்ல அந்த விஷப்பரீட்சை எதுக்கு?

கடையில புதுசா, பளபளன்னு, ரொம்ப மலிவா ஒரு வகை லேப்டாப் அடுக்கியிருப்பாங்க. செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஈஎம்எம்சி. இதைத் தொடாதீங்க. ப்ராசஸர்ல 2 கோர்தான். அதைக்கூடப் பொறுத்துக்கலாம், நிஜமான வில்லன் அந்த 64 ஜிபி. ஈஎம்எம்சிங்கிறது போர்டுலயே சால்டர் பண்ணிப் பத்த வச்ச சேமிப்பு, கழட்டிப் பெருசு போட முடியாது. விண்டோஸும் அதோட அப்டேட் கோப்புகளும் பாதிக்கு மேல தின்னுடும். அப்புறம் வருஷாந்திரப் பெரிய அப்டேட் வரும்போது இடம் போதலைன்னு நிக்கும், நீங்க போட்டோவா அழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். ரேமும் இந்த வகையில பெரும்பாலும் பத்த வச்சதுதான். பிரவுசர்ல பத்து டேப் திறந்து பக்கத்துல வீடியோ காலும் ஓடினா 4 ஜிபி மூச்சு வாங்கும்.

புதுசுதான் வேணும்னா, குறைஞ்சபட்சம் இன்டெல் என்100 பாருங்க. 2023ல வந்த சிப், 4 கோர், வெறும் 6 வாட்டுக்கு வடிவமைச்சது. கூட 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விவரக்குறிப்புல ஈஎம்எம்சி, யுஎஃப்எஸ்னு இல்லாம எஸ்எஸ்டின்னு தெளிவா இருக்கணும். திரை 1920×1080. 1366×768ல ரெண்டு பக்கப் படிவத்தை நிரப்பிப் பார்த்தாத்தான் அந்தக் கொடுமை புரியும்.

ஆனா அதே காசுக்கு என் ஓட்டு, கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஓட்டிட்டுக் கழிச்சுவிட்ட ஆபீஸ் லேப்டாப்புக்குத்தான். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5. மூணும் 2018 மாடல், எட்டாவது தலைமுறையில கிடைக்கும். கீபோர்டு உறுதியா இருக்கும், உதிரிப்பாகம் சுலபமா கிடைக்கும். டி480ல ரேமுக்கு ரெண்டு ஸ்லாட், அதனால 8 ஜிபியில வாங்கிட்டு அப்புறமா இன்னொரு 8 சொருகிக்கலாம். அதுல ஒரு பழைய வியாதியும் உண்டு: தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (அந்த போர்ட்டை இயக்குற உள் மென்பொருள்) பழசாவே இருந்தா டைப்-சி போர்ட் வழியா சார்ஜ் ஏறாமப் போயிடும். வாங்கின அன்னைக்கே லெனோவோ அப்டேட்டை ஓட்டிடுங்க.

செகண்ட் ஹேண்ட்ல காசு கொடுக்கும் முன்னாடி செய்ய வேண்டியதுல முக்கியமானது இது. விண்டோஸை ரீசெட் பண்ணச் சொல்லி, வைஃபையில இணைச்சு, முதல் அமைப்புத் திரை வரைக்கும் உங்க கண்ணு முன்னாடியே கொண்டுபோகச் சொல்லுங்க. அங்கே ஏதோ ஒரு கம்பெனி பேர் வந்து அலுவலக மெயில் ஐடி கேட்டா, அந்த மிஷின் இன்னும் அந்த நிறுவனத்தோட பட்டியல்ல இருக்குன்னு அர்த்தம். எத்தனை தடவை ரீசெட் பண்ணாலும் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிக்கும். நிறுவனமே விடுவிச்சாத்தான் உண்டு. விக்கிறவர் ஏற்கனவே உள்ளே போய் டெஸ்க்டாப்பைத் திறந்து காட்டினா இது தெரியவே தெரியாது, அதான் ரீசெட்டை வற்புறுத்தணும். பயாஸுக்கும் (விண்டோஸ் ஏறும் முன்னாடி திறக்கிற அடிப்படை அமைப்புத் திரை) ஒரு தடவை போய்ப் பாருங்க. பாஸ்வேர்டு கேட்டா வேண்டாம்.

பேட்டரிக்கு, கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், வலப்பக்கம் சாஞ்ச கோடு, அதை ஒட்டி பேட்டரிரிபோர்ட்னு ஒரே சொல்லா ஆங்கிலத்துல அடிங்க. ஒரு அறிக்கைக் கோப்பு எழுதி, அது எங்கே இருக்குன்னும் காட்டும். அதுல வடிவமைப்புக் கொள்ளளவு 50,000, இப்போ முழுசா ஏறுறது 30,000னு இருந்தா, பேட்டரி 60 சதவீதத்துல இருக்கு. அதுக்குக் கீழேன்னா புது பேட்டரி விலையைக் கழிச்சுப் பேசுங்க.

கேள்வி: அண்ணா, ஊர்ல இருந்து கொண்டுவந்த லேப்டாப்பை இங்கே சொருகலாமா? வோல்டேஜ் மாறுதே?

பதில்: தம்பி, சார்ஜர் செங்கல்ல, அதாவது வயர் நடுவுல இருக்கிற பெட்டியில, இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு இருந்தா எந்த நாட்டுலயும் ஓடும், ட்ரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பிளக் அடாப்டர் வாங்குறதைவிட, செவுத்துல இருந்து செங்கல் வரைக்கும் வர்ற வயரை மட்டும் மாத்துங்க. அதோட முனை மூணு இலை வடிவத்துலயோ 8 மாதிரியோ இருக்கும், அதே முனையோட உள்ளூர் பிளக் வயர் கிடைக்கும். மூணு முள் பிளக்கை ரெண்டு முள் அடாப்டர்ல சொருகினா எர்த் அறுந்துபோகும். உலோக உடம்பு லேப்டாப்னா கை வைக்கும்போது சுருசுருன்னு இருக்கும்.

பழைய டெஸ்க்டாப் கதை வேற. பின்னாடி 115/230ன்னு சிவப்பு சுவிட்ச் இருந்தா, உள்ளூர் மின்சாரத்துக்குத் தக்கபடி தள்ளிட்டு அப்புறம் சொருகுங்க. 115ல வச்சு 230ல சொருகினா ஒரே சத்தம்தான், பவர் சப்ளை போச்சு. பிரின்டரை ஊர்ல இருந்து சுமந்து வராதீங்க, ஒரே வோல்டேஜுக்கு மட்டும் செஞ்சது நிறைய உண்டு.

கேள்வி: கீபோர்டுல எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கு. தமிழ்ல அடிக்கவும் வேணும்.

பதில்: ஜெர்மன் கீபோர்டுல ஒய்யும் இஸட்டும் இடம் மாறியிருக்கும், பிரெஞ்சுல ஏ இருக்க வேண்டிய இடத்துல க்யூ. செட்டிங்ஸ்ல ஆங்கில லேஅவுட் சேர்த்துட்டா விரல் பழக்கப்படியே அடிக்கலாம், சாவி மேல அச்சிட்டிருக்கிறதுதான் பொய் சொல்லும். பார்த்து அடிக்கிறவங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்.

தமிழுக்கு எந்த மென்பொருளும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன், அங்கே தமிழைச் சேர்த்து, அதோட ஆப்ஷன்ஸ்ல தமிழ் 99 கீபோர்டைப் போடுங்க. விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினா மொழி மாறும். பாமினி எழுத்துருவுல அடிச்ச பழைய கோப்பு வந்தா ஆங்கில எழுத்துக் குப்பையா தெரியும். கோப்பு கெடலை, பாமினி-யூனிகோட் மாற்றி ஒண்ணுல ஒட்டி எடுங்க.

விண்டோஸ் முழுக்க அந்நிய மொழியில இருந்தா அபௌட் பக்கத்துல பதிப்பைப் பாருங்க. "ஹோம்"னா திரை மொழியை ஆங்கிலமாவோ தமிழாவோ மாத்திக்கலாம். "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்"னா மாத்த முடியாது, அதனால வாங்கும் முன்னாடியே கேட்டுக்கணும்.

கேள்வி: அண்ணை, அம்மா வீடியோவில கதைக்கவும் செய்தி பார்க்கவும் மட்டும்தான். குரோம்புக் போதுமோ?

பதில்: தாராளமா போதும், குரோம்புக் எண்டது விண்டோஸ் இல்லாமல் கூகுளின்ர குரோம்ஓஎஸ்ஸில ஓடுற லேப்டாப். அவருக்கு விண்டோஸை விட அதுதான் நிம்மதி. ஒண்டை மட்டும் பாருங்கோ: ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேட் முடியிற திகதி இருக்கு. 2021ல இருந்து வந்த மாடல்களுக்கு 10 வருசம், ஆனால் அது நீங்கள் வாங்கின நாளில இருந்து இல்லை, அந்த மாடலின்ர வன்பொருள் தளம் வெளிவந்த நாளில இருந்து எண்ணுவினம். பழைய சரக்கை மலிவில வித்தால் மிச்சம் ரெண்டு வருசம்தான் இருக்கவும் கூடும். செட்டிங்ஸில அபௌட் குரோம்ஓஎஸ் பகுதியில திகதி தெரியும், கடையிலயே திறந்து பாருங்கோ. விண்டோஸ் மென்பொருள் எதுவும் இதில ஓடாது, அதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ.

கேள்வி: வீட்டை விட்டு வெளியே எடுத்துட்டுப் போகவே வேண்டாம்னா?

பதில்: அப்ப லேப்டாப்பே வேண்டாம். ஆபீஸ்ல இருந்து கழிச்ச மினி டெஸ்க்டாப் தேடுங்க: டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060 மைக்ரோ, ஹெச்பி ப்ரோடெஸ்க் 600 ஜி4 மினி, லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ. தடிச்ச புத்தகம் அளவுதான். மானிட்டரையும் பழசாவே வாங்கலாம், ஆனா எந்த போர்ட்னு பாருங்க, இந்தப் பெட்டிகள்ல டிஸ்ப்ளேபோர்ட்தான் பிரதானம். கேமரா, மைக் தனியா வாங்கணும், அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க. சில பெட்டிகள்ல வைஃபை கார்டே இருக்காது, கேட்டு வாங்குங்க. சார்ஜர் செங்கலும் கூட வருதான்னு பாருங்க, விக்கிறவங்க அதைத்தான் முதல்ல தொலைப்பாங்க.