42,000 கி.மீ. என்று விற்ற கார், போன வருடமே 96,410 ஓடியிருக்கிறது. விற்பனையை ரத்து செய்ய முடியுமா?

கேட்டவர்: திருப்பூர்க்காரன்
வணக்கம். போன மாதம் பழைய கார் விற்கும் ஒரு கடையில் 4,35,000 ரூபாய்க்கு டீசல் கார் வாங்கினேன். "ஒரே ஓனர், 42,000 கிலோமீட்டர்தான், சூப்பர் கண்டிஷன்" என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள். மீட்டரும் அதையேதான் காட்டியது. கிளட்ச் சரியில்லை என்று கம்பெனி சர்வீசுக்கு விட்டேன். வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். போன வருட சர்வீசிலேயே 96,410. அப்புறம்தான் பிரேக் பெடலைக் கவனித்தேன், ரப்பரில் வரியெல்லாம் அழிந்து மொழுமொழுவென்று இருந்தது. கடைக்காரர், "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க, ஆர்சியும் மாறியாச்சு" என்கிறார். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம் இது. வழி உண்டா?

பதில்: மதுரை வக்கீல்
உண்டு தம்பி. பொய்யை நம்பிச் சம்மதித்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்கிறது 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆர்சி மாறியதால் அந்த உரிமை போய்விடாது. "சூப்பர் கண்டிஷன்" வெறும் வியாபாரப் பேச்சு, அதை வைத்து வழக்கு நிற்காது. 42,000 என்பது திட்டவட்டமான தகவல், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. கடைக்காரரும் அந்த எண்ணை உண்மை என்று நம்பித்தான் சொன்னார் என்றால் அது தவறான தகவல் மட்டுமே. சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும் என்று அவர் வாதாடலாம், அதே பிரிவின் விதிவிலக்கு அவருக்கு உதவும். தெரிந்தே சொல்லியிருந்தால் 17ஆம் பிரிவின்படி மோசடி. அப்போது "நீ ஏன் பார்க்கவில்லை" என்ற வாதம் எடுபடாது. அதனால் பழைய ஓனரைப் பிடியுங்கள். கடையில் வண்டியை விட்டபோது மீட்டரில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

இன்னொன்று, உண்மை தெரிந்த பிறகும் காரை ஓட்டிக்கொண்டே இருந்தால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். இன்றே நிறுத்துங்கள்.

பதில்: ஈரோடு அண்ணன்
எனக்கும் பைக்கில் இதே அனுபவம். விற்றவர் வியாபாரி என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். வாட்ஸாப் செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்!

திருப்பூர்க்காரன்
பழைய ஓனரிடம் பேசிவிட்டேன். கடையில் விடும்போது 1,08,000 சொச்சம் என்றார். விற்பதற்காக அவர் எடுத்த போட்டோவில் மீட்டர் தெளிவாகத் தெரிகிறது, அதையும் அனுப்பிவிட்டார்.

மதுரை வக்கீல்
இது போதும். ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், காரை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் 15 நாளில் திருப்பித் தாருங்கள் என்று நோட்டீஸ் எழுதுங்கள். நீங்கள் காரைத் திருப்பித் தரத் தயார் என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

திருப்பூர்க்காரன்
எழுதிவிட்டேன் சார், நாளை காலை ஸ்பீட் போஸ்டில் போகிறது. கார் வாசலில் நிற்கிறது. சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.